முதுகை மட்டும் காட்டியவள்

பிரெஞ்சுக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நான் கால் முறிந்து புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அடுத்த கட்டிலில் அவள். ஒல்லியான உடம்பு, ஒட்டிய கன்னம். முதுகுவலி என்று வந்தவளுக்குக் கால்கள் மரத்துக்கொண்டே போயின. பார்க்க வருகிறவர்கள் யாரும் இல்லை. டாக்டர் வந்தால் உடனே குப்புறப் படுத்துக்கொள்வாள். அவரும் முதுகை அழுத்திப் பார்த்து, எலும்புக் காசநோய் என்று ஊசி எழுதிவிட்டுப் போவார். திருப்பிப் பார்க்க அந்த மனுஷனுக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் அவள் சேலை மாற்றும்போது பார்த்துவிட்டேன். இடது மார்பு இருந்த இடத்தில் தழும்புதான் இருந்தது.

“ஏக்கா, இத டாக்டர்கிட்ட சொன்னியா?”

“அது பழைய கட்டி. அறுத்து, ஆறியே போச்சு. முதுகுவலிக்கு அத எதுக்குடி காட்டணும்? எம் பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குறோம். தாய்க்குப் புத்துநோவுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? வாய மூடிக்கிட்டுக் கெட.”

நான் மூடவில்லை. மறுநாள் டாக்டரிடம் சத்தமாகவே சொன்னேன். அவளைத் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறியது. பழைய புற்றுதான் முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது, மெட்ராசுக்குப் போய்க் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வேண்டும், வலி குறையலாம், கால் திரும்புமா என்று தெரியாது என்றார்.

அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது என்னிடம், “எம் பொண்ணு வந்தா வெறும் முதுகுவலின்னு சொல்லு. அதையாவது செய்யிடி” என்றாள்.

அந்தப் பொய்யைச் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். நான் வீடு திரும்பும்வரை கேட்க ஒருத்தரும் வரவில்லை.