முதல் மாடிச் சாவிப் பலகை

எங்கள் கட்டடத்தின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர், மாடிக்கு ஒரு பிரதிநிதி என்று அதற்குள் ஒரு பட்டியல் பளபளக்கும். புதிதாகக் குடிவருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, இந்தக் கட்டடம் யாரால் நடக்கிறது என்று புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். பாவம். ஒரு வாரம் போனால் அவர்களும் முதல் மாடியில் சாவிக்கா வீட்டு வாசலில் ஒரு சாவியை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சாவிக்காவின் தொழில் தையல். எட்டு வருடம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, ஒரு தையல் மிஷினும் ஒரு தகரப் பெட்டியுமாக இங்கே வந்தவர். அண்ணன் வீட்டில் அவருடைய மூலைக்குக் கதவு கிடையாது, திரைதான். அண்ணி எப்போது வேண்டுமானாலும் விலக்கிப் பார்க்கலாம். அதனால் இங்கே வந்த முதல் நாள் தன் வீட்டுக் கதவைப் பூட்டுவதும் திறப்பதும் மறுபடி பூட்டுவதுமாகவே பொழுதைக் கழித்தாராம். "பைத்தியம்னு நினைச்சுக்கோ, அப்படி ஒரு சந்தோஷம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

சாவி சேர ஆரம்பித்ததற்குக் காரணமே எங்கள் செயலாளர்தான். ஒருநாள் காலை பேப்பர் எடுக்க இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. எங்கள் கட்டடத்துக் கதவுகள் அப்படி. காற்று தள்ளினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். மனிதர் ஒரு மணி நேரம் சாவிக்கா வீட்டில், இருக்கிற துணியையெல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளே தன் மாற்றுச் சாவியை அவரிடம் கொடுத்துவைத்தார். அப்புறம் மாடி மாடியாக எல்லோரும் கொடுத்தார்கள். மொட்டை மாடிச் சாவி, மீட்டர் அறைச் சாவி, ஏணி வைக்கிற அறைச் சாவி எல்லாம் அங்கேதான்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் மூன்று வரிசை ஆணி. ஒவ்வொரு சாவியிலும் அந்தந்த வீட்டுக்குத் தைத்ததில் மிஞ்சிய துணித்துண்டு ஒன்று கட்டியிருக்கும். குளியலறை ஒழுகல் விஷயமாக ஜென்மப் பகையாகிவிட்ட இரண்டு வீட்டுச் சாவிகளை இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று மாட்டியிருப்பார்.

"இரும்புக்கு என்னக்கா கோபம்?" என்று கேட்டேன்.

"இரும்புக்கு இல்லடி. எடுக்க வர்ற ரெண்டு கையும் ஒண்ணா வந்தா உரசுமே!"

அந்தப் பலகையைப் பார்த்தாலே போதும், யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஆனால் ஒன்று கவனியுங்கள். யாரும் பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கவில்லை. எல்லோரும் ஒரே ஆளிடம் கொடுத்தோம். அதை ஒற்றுமை என்று வேறு சொல்லிக்கொண்டோம், வெட்கமில்லாமல்.

கொடுக்காதது ஒரே ஒரு வீடு. சாவிக்காவுக்கு நேர் எதிர்வீட்டு நர்ஸ். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இரவு வேலை, பகலில் தூக்கம். வந்த புதிதில் இருவருக்கும் ஒரு சண்டை.

"ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்து படுக்கறேன். உங்க மிஷின் என் தலைக்குள்ள ஓடுது" என்றார் நர்ஸ்.

"என் வயிறும் அந்த மிஷின்லதாங்க ஓடுது" என்றார் சாவிக்கா.

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு சமையலறை ஜன்னல்களும் நடுவில் ஒரு குறுகலான இடைவெளி விட்டு எதிரெதிரே பார்த்துக்கொள்ளும். நர்ஸ் தன் ஜன்னலை இழுத்துச் சாத்தியவர் திறக்கவேயில்லை. வாசலில் 'பகலில் மணி அடிக்க வேண்டாம்' என்று ஓர் அட்டையும் தொங்கியது.

நான் இரண்டாவது மாடி. மருந்துக்கடையில் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், என் வீட்டுக்காரரைக் கேட்டால் "கொஞ்சமா?" என்பார். நான்கு வயதில் எனக்கு ஒரு மகள். அவள் செய்கிற சேட்டைக்கு இந்தக் கட்டடமே வைத்த பெயர் வாலு. நான் வேலையிலிருந்து திரும்பும்வரை சாவிக்காவிடம்தான் இருப்பாள். ஸ்டூலில் ஏறி நின்று ஒவ்வொரு சாவியாகத் தொட்டு, "இது செயலாளர் தாத்தா, இது மாடி அத்தை" என்று ஆஜர் எடுப்பதுதான் அவளுடைய பள்ளிக்கூடம்.

அன்று பிற்பகல் நான் வேலை முடிந்து படியேறுகிறேன், முதல் மாடியில் ஒரே கூட்டம். சாவிக்கா வெளியே நிற்கிறார், கதவு சாத்தியிருக்கிறது. செயலாளருக்கு ஏணி அறைச் சாவியைக் கொடுக்க ஒரு நிமிடம் வெளியே வந்தாராம். அவர் சாவியை வாங்கக் கை நீட்டுவதற்குள் ஒரு காற்று. கொடுக்க வந்த சாவியையே ஆணியிலிருந்து எடுக்க மறந்துவிட்டு வெறுங்கையோடு வேறு வந்திருக்கிறார்.

"வாலு எங்கக்கா?"

"உள்ள" என்றார். "இஸ்திரிப் பெட்டியும் ஓடிட்டு இருக்குடி. துணி மேலயே வெச்சிட்டு வந்துட்டேன்."

உள்ளேயிருந்து என் மகளின் பாட்டு கேட்டது.

"டூப்ளிகேட் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் செயலாளர்.

"உள்ள."

"அப்ப ஒரிஜினல்?"

"அதுவும் உள்ளதான்."

மீட்டர் அறையைத் திறந்து மின்சாரத்தை நிறுத்தலாம் என்றார் வாட்ச்மேன். அந்தச் சாவியும் உள்ளே. வாட்ச்மேன் செங்கல்லை எடுத்துக்கொண்டு ஓடினார். அந்தப் பூட்டு செயலாளர் போன மாதம் வாங்கிப்போட்டது. "யானை இழுத்தாலும் உடையாது" என்று கூட்டத்தில் பெருமையடித்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து அவர் சொன்ன சொல் பலித்தது. பூட்டு ரிப்பேர்காரருக்குப் போன் போட்டால், வர அரைமணி ஆகும் என்கிறார். கதவுக்கு அடியில் சாவியைத் தள்ளச் சொல்லலாமென்றால், வெளித் தூசி துணியில் படக்கூடாதென்று சாவிக்கா அடியில் பட்டையடித்து வைத்திருந்தார். எறும்புகூட நுழையாது. உள்ளேயிருந்து தாழைத் திருப்ப வாலுவின் கைக்குப் பலம் போதாது.

"கண்ணு, இஸ்திரிப் பெட்டிகிட்டப் போகாதே!" என்று கதவில் வாயை வைத்துக் கத்தினேன்.

பாட்டு நின்றது. "எது? இந்தப் பொட்டியா?" என்றது குரல். போகாதே என்றால் போகிற ரகம் என் மகள். பெற்றவளுக்குத் தெரியாதா?

சாவிக்கா எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தச் சமையலறை ஜன்னல்! அவர் கை மணிவரை போய் நின்றுவிட்டது.

"அடிங்கக்கா!"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அடிப்பேன்?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சிக்கிட்டு அடிங்க!"

அடித்தார். அட்டையில் எழுதியிருந்ததற்கு நேர்மாறாக, கையை எடுக்காமலே அடித்தார். தலைவிரிகோலமாக நர்ஸ் கதவைத் திறந்தார். சாவிக்கா சொன்னது பாதிகூடக் கோவையாக இல்லை. குழந்தை, பெட்டி, சாவி என்று மூன்று வார்த்தைதான் எனக்கே விளங்கியது. நர்ஸ் விடுவிடுவென்று சமையலறைக்குப் போய் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

"குட்டி! இங்க சமையக்கட்டு ஜன்னலுக்கு வாங்க. உங்க பேர் என்ன?"

என் மகள் ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வாலு."

"நிஜ வாலா, பொய் வாலா?"

குழந்தை கிளுகிளுவென்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. நர்ஸ் ஒட்டடைக் குச்சியின் நுனியில் ஒரு குழிக்கரண்டியைக் கட்டிக்கொண்டே பேசினார், ஏதோ வார்டில் ஊசி போடுவதற்கு முன் பேசுகிற மாதிரி நிதானமாக.

"இப்ப நீங்க ரயிலு. நேரா சாவிப் பலகைக்குப் போகணும், நேரா திரும்பி வரணும். நடுவுல எதையும் தொட்டா ரயிலு அவுட். மீட்டர் ரூம் சாவி எது தெரியுமா?"

"கறுப்புத் துணி!"

ரயில் போனது. புகை வாசனை எங்கள் மூக்குக்கே வந்துவிட்டது. நான் கும்பிடாத சாமி இல்லை. ரயில் கூவிக்கொண்டு திரும்பி வந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கரண்டியில் சாவியைப் பரிமாறியது. வாட்ச்மேன் அதை வாங்கிக்கொண்டு படியில் பறந்தார். விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. மொத்தக் கட்டடமும் "ஐயோ கரண்டு போச்சே" என்று கத்தியது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

"சபாஷ். இப்ப உங்க சாவிக்கா வீட்டுச் சாவி வேணும்" என்றார் நர்ஸ்.

வாலு விழித்தாள். "அவங்களுக்குச் சாவி இல்லையே."

"கீழ் ஆணியில இருக்குடா, துணி கட்டாம" என்றார் சாவிக்கா.

"ஓ, அதுவா!" என்றாள் என் மகள். "அது யாருமே இல்லாத சாவி."

சாவிக்கா நர்ஸின் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் மறுபடி போய் மறுபடி வந்தது. கதவைத் திறந்தோம். நான் மகளைத் தூக்கி முத்தம் கொடுத்தேன், முதுகில் ஓர் அடியும் போட்டேன். இஸ்திரி மேஜையில் செயலாளரின் புதுப் பேண்ட் பெட்டி வடிவத்தில் கருகிக் கிடந்தது. பாவம், அவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. தன் பூட்டைப் பற்றியும்தான்.

சாயங்காலம் சாவிக்கா என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நர்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேட்கணும். இத்தனை பேரு குடுத்தாங்க. நீங்க மட்டும் ஏன் சாவி குடுக்கல? மிஷின் சத்தத்தாலயா?"

நர்ஸ் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னார். "சத்தம் பழகிடுச்சுங்க. நீங்க எல்லார் சாவியையும் வாங்கறீங்க, உங்க சாவிய ஒருத்தர்கிட்டயும் குடுக்கல. நம்மள நம்பாதவங்ககிட்ட எப்படிக் குடுக்கறது?"

நானாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சாவிக்கா முந்தானையிலிருந்து தன் மாற்றுச் சாவியை எடுத்தார். கருகிய பேண்டிலிருந்து வெட்டிய துணித்துண்டு அதில் கட்டியிருந்தது.

"எனக்கு ரொம்ப நாள் கதவே இல்லாம இருந்துச்சும்மா. அதான் கைவிட மனசு வரல" என்று சொல்லி நீட்டினார். நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, கருகின வாசனைக்கு மூக்கைச் சுளித்து, சமையலறை ஜன்னல் பக்கம் ஓர் ஆணியில் மாட்டினார்.

அதற்கப்புறம் சாவிக்காவின் போக்கே மாறிவிட்டது. மதியம்வரை மிஷினைத் தொடுவதில்லை, வெட்டுகிற வேலை மட்டும்தான். குளியலறைப் பகையாளிகள் இருவர் சாவியையும் பலகையிலிருந்து கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இனிமே ஒருத்தர் சாவிய ஒருத்தர் வெச்சிக்கோங்க. என்கிட்ட இடமில்ல" என்றார். பச்சைப் பொய். பலகையில் பாதி ஆணி காலி. அவர்கள் முறைத்துக்கொண்டேதான் மாற்றிக்கொண்டார்கள். முந்தாநாள் ஒருவர் இன்னொருவர் வீட்டுக் குழாயை மூடிவிட்டு வந்ததாகக் கேள்வி.

நேற்று நான் மகளைக் கூப்பிடப் போனபோது அவள் ஸ்டூலில் நின்று ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தாள். கீழ் வரிசையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு புதுச் சாவி. "இது நர்ஸ் அத்தை" என்றாள். பக்கத்து ஆணி காலியாக இருந்தது.

"யாருமே இல்லாத சாவி எங்க?"

"எதிர்வீட்ல இருக்குடா" என்றார் சாவிக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"அதுக்கு ஆளு கிடைச்சிடுச்சா?"

நூல் காதில் நுழையவில்லை. சாவிக்கா கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி கோத்தார்.

"கிடைச்சிடுச்சு" என்றார்.