சிவப்புத் தூள்

அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படியேறி வந்த அம்மா, "கீழ ஷட்டர் இனிமே திறக்காதுடி" என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து செல்வி அத்தை போன் செய்திருக்கிறார். விடியும்போது தேவராஜ் மாமாவின் மூச்சு நின்றுவிட்டது.

ராயப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கீழேதான் அவருடைய தச்சுப் பட்டறை. இன்று படத்திறப்புக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவருடைய தேக்கு வேலையைத் தெரியும். அவர் மனம் இருந்ததென்னவோ ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் படாக் மரத்தில். அறுத்தவுடன் நல்ல செஞ்சிவப்பாக இருக்கும், கல்லைப் போலக் கனக்கும். நேராக அடித்தால் ஆணிதான் வளையும். முதலில் துளை போட்டு, திருகாணிக்குச் சோப்புத் தடவித்தான் இறக்குவார். அறுக்கும்போது பறக்கும் தூள் அவர் புருவத்திலும், அத்தை கொண்டுவரும் டிபன் பாக்ஸ் மூடியிலும் சிவப்பாகப் படிந்திருக்கும்.

பலகைகள் வண்டியில் வந்து இறங்கினால் நான் படியில் உட்கார்ந்து பார்ப்பேன். மாமா முனைகளில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவுவார், விரலால் தட்டிக் கேட்பார். கடைசியாக உளியால் ஒரு சீவல் எடுத்து முகர்வார். ஒரு தடவை பாதிப் பலகைகளைத் தள்ளி வைத்துவிட்டார்.

"எல்லாம் ஒரே சரக்குண்ணே" என்றார் வண்டிக்காரர்.

"கலர் கீது, வாசன இல்ல. பூச்சி மொதல்ல இதத்தான் துன்னும். ஏத்து வண்டில."

மாமாவுக்கு மூச்சிரைப்பு வந்த பிறகு, அந்தத் தூள் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை மாஸ்க் வாங்கி வந்தார். மாமா அதைப் போட்டுக்கொண்டுதான் அறுப்பார். ஆனால் ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும், தூள் அடங்குவதற்குள், அதைத் தாடைக்கு இறக்கிவிட்டு மரத்தை முகர்ந்து பார்ப்பார்.

"தாடைக்கா வாங்கினேன் மாஸ்க்கு?" என்பார் அத்தை.

"மூக்க மூடிக்கினு மரம் பாக்கறது, கண்ண மூடிக்கினு பொண்ணு பாக்கறா மாதிரி."

"என்னைய அப்டித்தானே பாத்த?"

மாமா சிரிக்கத் தொடங்குவார். சிரிப்பு இருமலாகிவிடும். அத்தை தண்ணீருக்கு ஓடுவார்.

கடைசி வேலை, அடையாறில் கடலோரத்து வீடு ஒன்றுக்கு வாசற்கதவு. பழைய கதவு உப்புக்காற்றில் உளுத்துப் போயிருந்தது. தேக்கே போதும் என்றுதான் வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அத்தையும் கெஞ்சினார். "இது ஒண்ணுதான் செல்வி. அப்பால தேக்கத் தவிர தொட மாட்டேன்" என்று படாக்கை இறக்கிவிட்டார்.

அன்று மாமா ஒரு சின்னத் துண்டு அறுத்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். துண்டைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை. பிறகு படியில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள வராத, வாசல்லயே நில்லு." துண்டை லுங்கியில் நன்றாகத் துடைத்து நீட்டினார். "இன்னா வாசன வருது, சொல்லு."

"மிளகு மாதிரி, மாமா. கொஞ்சம் இனிப்பாவும் இருக்கு."

"அப்போ மரம் கரெக்டு" என்றவர் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒண்ணியும் வரலம்மா."

பின்னால் நின்றிருந்த அத்தை வந்து, மாமாவின் தாடையில் கிடந்த மாஸ்க்கை மூக்கு வரை ஏற்றிவிட்டார்.

"இனிமே இத எறக்க வேல இல்லியே" என்றார்.

அந்தக் கதவு முடியும்வரை மாமா மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. அதற்குள் அவரால் பலகையின் ஒரு முனையைக்கூடத் தூக்க முடியாமல் போயிருந்தது. கதவை வேறு ஆட்கள்தான் கொண்டுபோய் மாட்டினார்கள். அது நின்றதை அவர் பார்க்கவில்லை.

காரியம் முடிந்தபின் அத்தையோடு போய் நான் பார்த்தேன். வெயில் பட்டுச் சிவப்பு கறுக்கத் தொடங்கியிருக்கிறது. படாக் அப்படித்தான் ஆகும் என்று மாமா சொன்னதுண்டு. கதவு துளியும் பிசகாமல் மூடுகிறது. அத்தை அதைத் தொடவில்லை. "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மாமா அன்று நீட்டிய துண்டு என் பென்சில் பெட்டியில் இருக்கிறது. அதன் வாசனை போய்விட்டது. மேலே லேசாகச் சுரண்டினால் மிளகு வாசனை திரும்ப வரும் என்று எனக்குத் தெரியும். சுரண்டினால் தூளும் வரும்.

சுரண்டாமலே வைத்திருக்கிறேன்.