கட்டி மட்டும் வேண்டாம், ஆண்டவரே

போன ஜூனில் பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே, "உங்க பொண்ணுக்குத் தலைவலி, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்தது. அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது. என் மகள் ஜெருஷா எட்டாவது படிக்கிறாள். நெற்றியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். ஜன்னலைச் சாத்தச் சொல்லி அழுவாள். குக்கர் விசில்கூடத் தாங்க மாட்டாள்.

கண்ணாடி போட்டோம். செல்போனைப் பிடுங்கி வைத்தேன். எதற்கும் குறையவில்லை. சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்த நாத்தனார், "தலையில கட்டி கிட்டி இருக்கப்போகுது அண்ணி, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போய்விட்டாள். அவளுக்கென்ன! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தாம்பரத்தில் நரம்பு டாக்டர் ஸ்கேன் எழுதினார். வியாழக்கிழமை எடுத்தோம். சனிக்கிழமைதான் ரிப்போர்ட்.

நடுவில் வந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். நாங்கள் ஜெபித்தால் தெருமுனை வரை கேட்கும். அன்று ஜெருஷாவுக்குக் காலையிலிருந்தே வலி. கூட்டத்தை நடத்தும் ரூத் அக்கா "ஸ்தோத்திரம்!" என்று குரலெடுத்ததும் உள்ளேயிருந்து அழுகை.

"ஆன்ட்டி, ப்ளீஸ்... மெதுவா. தலை வெடிக்குது."

அக்கா சட்டென்று நிறுத்தினார். "பிள்ளை சொல்றது கரெக்ட்டுதான். ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்" என்று சொல்லி லைட்டை அணைத்தார். எல்லாரும் அவள் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். மனசுக்குள்ளேயே ஜெபித்தார்கள். எனக்கு ஜெபிக்கவே வரவில்லை. கட்டி மட்டும் வேண்டாம், ஆண்டவரே. அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஜெருஷா தூங்கிப்போனாள். அக்காமார்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள்.

மறுநாள் டாக்டர், "கட்டி எதுவும் இல்லம்மா. இது மைக்ரேன், பசங்களுக்கும் வரும்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். காலையில் சாப்பிடாமல் வேனுக்கு ஓடக்கூடாது, தண்ணீர் குடிக்கவேண்டும், நேரத்துக்குத் தூங்கவேண்டும், வலி தொடங்கியதுமே அவர் எழுதிய மாத்திரையை அவர் சொன்ன அளவில் போட்டுக்கொண்டு இருட்டில் படுக்கவேண்டும் என்றார். அப்படியே செய்கிறோம். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று ஒருவர் கேட்டார். மாத்திரையும் ஆண்டவர் கொடுத்ததுதானே?

பொய் சொல்ல மாட்டேன், இப்போதும் எப்போதாவது வலி வருகிறது. போன மாதம் பள்ளியிலேயே வந்திருக்கிறது. மிஸ்ஸிடம் சொல்லி மாத்திரை போட்டுப் படுத்துவிட்டு, சாயங்காலம் வேனில் வந்து இறங்கித் தோசை கேட்டாள்.

"ஒரு போன் பண்ணக்கூடாதாடி?"

"எதுக்கும்மா? நீ பயந்துடுவ."

அவள் தேறிவிட்டாள். என்னைத்தான் ஆண்டவர் இன்னும் குணமாக்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் பிள்ளையும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதால், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ரிப்போர்ட் வரும்வரை ஆண்டவரை நம்பிப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். பேச வார்த்தை வராவிட்டாலும் அவருக்குக் கேட்கும். என் ஜெபத்தைக் கேட்டார்.