யன்னல் என்று ஒரு பெயர்

மதுவுக்கும் கஜனுக்கும் அப்பா எழுதுவது.

மது, போன கிழமை நீ படிக்கப் போயிருக்கிற ரோவிலிலிருந்து போன் எடுத்தபோது, உன் பல்கலைக்கழகத்தில் கப்போய்ரா வகுப்பு நடக்கிறது, சேரப் போகிறேன் என்றாய். பிறகு, "அப்பா, சின்னனிலை ஏன் என்னை அந்த வட்டத்துக்குள்ளை இருந்து இழுத்துக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டாய். "லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்புடன் நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கஜன், நீ அப்போது கைக்குழந்தை. தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்றால் அக்காவை வாசிக்கச் சொல்லிக் கேள்.

1. கம்பி கேட்டு வந்தவன்

பதினொரு வருடத்துக்கு முந்திய கதை. மெரிலேண்ட்ஸில் காசிம் நானாவின் டயர் கடையில் நான் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. நானா புத்தளத்து ஆள், அண்ணாவை அவர்கள் நானா என்பார்கள். கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கவுண்டரில் நிற்பார். காரை ஜாக்கியில் ஏற்றுவது, டயர் கழற்றுவது, பலன்ஸ் பார்ப்பது எல்லாம் நான். கழற்றிய பழைய டயர்கள் பின்பக்கம் குவிந்து கிடக்கும். லொறி வந்து ஏற்றும்வரை ஒருவரும் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் நடந்து வந்தான். உடம்பில் கட்டட வேலைச் சட்டை. பழைய டயர் வேண்டும் என்றான்.

நானா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "சிவா, இந்தாள் கார் இல்லாம டயர் கேக்கிறாரு. இடுப்புல மாட்டிட்டு ஓடுறதுக்கோ?"

அவன் பெயர் ரெனாட்டோ. பிரேசில்காரன். எழுதுவது ரெனாட்டோ, சொல்லும்போது ஹெனாட்டோ என்று சொல்ல வேண்டுமாம். அவனுக்கு டயர் தேவையில்லை, டயருக்குள் இருக்கும் கம்பிதான் தேவை. டயர் ரிம்மோடு இறுகிப் பிடிக்கிற விளிம்பை பீட் என்போம். அதற்குள் எஃகுக் கம்பி சுற்றிச் சுற்றி இருக்கும். அந்தக் கம்பியை இழுத்தெடுத்து, தோளளவு தடியை வில்லாக வளைத்துக் கட்டுவார்கள். வில்லில் ஒரு சுரைக்குடுவையைக் கட்டி, குடுவையின் வாயை வயிற்றோடு அணைத்துப் பிடிப்பார்கள். மெல்லிய குச்சியால் கம்பியில் தட்ட, ஒரு கூழாங்கல்லால் கம்பியை அழுத்தவும் விடவும் சத்தம் மாறும். அதன் பெயர் பெரிம்பாவு. அங்கேயும் அவர்களுக்குக் கம்பி கொடுப்பது டயர்க் கடைக்காரன்தானாம்.

அவன் குசினிக் கத்தியால் வெட்டத் தொடங்கினான். நான் கத்தியைப் பறித்து, எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன்: "கத்தி கம்பியிலை பட்டால் வடு விழும். பேந்து இறுக்கிக் கட்டேக்கை அந்த இடத்திலைதான் அறும்." கட்டர் நுனியை ரப்பரில் மட்டும் ஓடவிட்டு, விளிம்பை உரித்து, கம்பியை ஒரு காயம் இல்லாமல் இழுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கி, விரலால் நெடுகத் தடவிப் பார்த்து, குழந்தை மாதிரிச் சிரித்தான்.

களைத்துப்போய் உட்கார இடம் தேடினான். வாய் தன்பாட்டில் "கதெய்ரா" என்றது. நான் கதிரையை இழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதன் பிறகு ஒரு மணித்தியாலம் வேலை நடக்கவில்லை. மேசை, சாவி, சப்பாத்து, அலுமாரி என்று நான் சொல்லச் சொல்ல அவன் துள்ளினான். எல்லாம் அவன் பேசுகிற போர்த்துக்கீசச் சொற்களாம்.

நானா கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னார்: "பறங்கி எங்கட ஊட்டுச் சாமான் எல்லாத்துக்கும் பேர் வச்சுட்டுப் போயிட்டான். நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும்தான் வைக்கல்ல."

2. வட்டம்

ஞாயிறு பின்னேரங்களில் ரயில் நிலையத்துக்கு அப்பால் உள்ள பார்க்கில் அவனுடைய கப்போய்ரா வகுப்பு. இலவசம்தான், பிள்ளையைக் கூட்டி வா என்றான். மது, உனக்கு ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. முதல் நாளே சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாய்.

வட்டமாக நிற்பார்கள். நடுவில் இரண்டு பேர் விளையாடுவார்கள். அதைச் சண்டை என்றும் சொல்ல முடியாது, ஆட்டம் என்றும் சொல்ல முடியாது. கால் வீசி வரும், மற்றவன் குனிந்து வழுக்குவான், ஒருவர் மேல் ஒருவர் பட மாட்டார்கள். கால்கள் எப்போதும் முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு வேகம் என்று சொல்வது பெரிம்பாவு. அது மெதுவாகினால் ஆளும் மெதுவாக வேண்டும். அது நின்றால் விளையாட்டும் நிற்க வேண்டும். நான் உரித்துக் கொடுத்த கம்பி அத்தனை பேரையும் ஆட்டி வைக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

இது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். அவனுடைய இங்கிலிசை என் தமிழில் எழுதுகிறேன்.

"அங்கோலாப் பக்கத்திலை இருந்து கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்த சனம். கரும்புத் தோட்டத்திலை அடிமை வேலை. சண்டை பழகினால் தோலை உரிப்பாங்கள். அதாலை பாட்டும் போட்டு ஆட்டம் மாதிரிப் பழகினவை எண்டு சொல்லுவினம்."

"சொல்லுவினம் எண்டால்? உண்மையோ பொய்யோ?"

"ஆருக்குத் தெரியும்? அவை எழுதி வைக்கேல்லை. பாட்டுத்தான் மிச்சம். அடிமைத்தனம் முடிஞ்ச பிறகும் கனகாலம் தடை. குதிரைப் பொலிஸ் வந்தால் அறிவிக்க எண்டு ஒரு தனித் தாளம் இருக்கு." அதை வாசித்தும் காட்டினான். குதிரைக் குளம்பு மாதிரியே இருந்தது. இன்றைக்கு அதே ஆட்டம் ஜிம்மிலும் சினிமாச் சண்டையிலும் வருகிறது என்று சொல்லிச் சிரித்தான்.

எனக்கு நாற்பத்தைந்து வயது. முழங்கால் சரியில்லை. "உள்ளை வா சிவா" என்று ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுவான். "அடுத்த கிழமை" என்பேன். வட்டத்தில் நின்று கை மட்டும் தட்டினேன். வெளிநாட்டுக்கு வந்தபின் வேலைக்கும் கடனுக்கும் இல்லாமல், சும்மா எனக்காக நான் காத்திருந்த நாள் அந்த ஞாயிறுதான்.

3. ஞானஸ்நானம்

ஆறு மாதம் கழித்து உனக்கு பட்டிசாடோ என்றான். என்ன அர்த்தம் என்று கேட்டால் ஞானஸ்நானம் என்கிறான். அம்மா பயந்துபோனா. "பிள்ளையை வேதத்துக்கு மாத்தப் போறாங்களோ? கேட்டனீங்களோ?" கேட்டேன். தண்ணீரும் இல்லை, பாதிரியும் இல்லை. புதிதாகப் பழகியவர் ஒரு மூத்தவரோடு விளையாட வேண்டும். அவர் மெல்லத் தட்டி விழுத்துவார். விழுந்து எழும்பினால் இடுப்பில் கயிறு கட்டி, ஒரு பெயர் வைப்பார்கள். அம்மா சமாதானமாகி றோல்ஸ் சுட்டுத் தந்தா.

நீ விளையாடினாய். ரெனாட்டோ காலைத் தட்டினான். புல்லில் விழுந்து, பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டு எழும்பினாய். அவன் கயிறு கட்டிவிட்டுக் கத்தினான்: "ஜனெலிஞ்யா!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஜனெலா என்றால் யன்னல். சின்ன யன்னல். அங்கே பல் விழுந்த பிள்ளையை அப்படித்தான் பகிடி பண்ணுவார்களாம். எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, சிரிப்பு வந்தது. அதோடு விட்டிருந்தால் நல்லது.

அவன் உன் தோளில் கை வைத்துச் சொன்னான்: "இண்டையிலை இருந்து இஞ்சை இதுதான் உன்ரை பேர். வீட்டுப் பேரை வீட்டிலை வை. தடைக் காலத்திலை ஏன் இப்பிடிப் பேர் வைச்சவை தெரியுமோ? பொலிஸ் பிடிச்சு அடிச்சாலும் மற்றவன்ரை உண்மைப் பேர் ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது."

நான் வட்டத்துக்குள் போனது அந்த ஒரு முறைதான். போய் உன் கையைப் பிடித்து இழுத்தேன். கயிற்றை அவிழ்த்துப் புல்லில் போட்டேன். "நான் என்ன செய்தனான் அப்பா? வட் டிட் ஐ டூ?" என்று வீடு வரும்வரை அழுதாய்.

இதுதான் காரணம். உங்களுக்கு ஒரு பெரியப்பா இருந்தார். ரவியண்ணா. படத்தில் பார்த்திருக்கிறீர்கள், கேட்டால் "சண்டையில் செத்தவர்" என்று மட்டும் சொல்வேன். பதினெட்டு வயதில் ரியூசனுக்கு என்று சைக்கிளில் போனவர் இயக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே போனவுடன் வீட்டுப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைப்பார்கள். ரெனாட்டோ சொன்ன அதே காரணம்தான். இரண்டு வருடம் கழித்து எங்கள் சந்தியில் ஒரு மரண நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மங்கலான படம், தெரியாத பெயர். அப்பம்மாவோடு நானும் அதைக் கடந்து மூன்று நாள் சந்தைக்குப் போய் வந்தேன். யாரோ பெற்ற பிள்ளை என்று அப்பம்மா உச்சுக் கொட்டினா. நாலாம் நாள்தான் ஆள் வந்து, அது அண்ணா என்று சொன்னது.

அதன்பின் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை.

4. கம்பிரசர் அறை

ரெனாட்டோ கடைக்கு இரண்டு தரம் வந்தான். முதல் தரம், "நான் என்ன பிழை விட்டனான், சொல்லு" என்று கேட்டான். "பிள்ளைக்குப் படிப்பு" என்றேன். இரண்டாம் தரம் அவன் தெருவில் வருவது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. நான் பின்னுக்குப் போய், டயருக்குக் காற்றடிக்கிற கம்பிரசர் அறைக்குள் நின்றேன். கம்பிரசர் ஓடினால் வெளியில் பேசுவது கேட்காது.

அவன் போனபின் நானா வந்து கதவைத் திறந்தார். "விசா முடிஞ்சிட்டாம், நாட்டுக்குப் போறாராம். உங்களக் கட்டிப் பிடிச்சுட்டுப் போகணும்னு நின்டாரு. எவ்வளவு நேரம் காத்துப் பிடிக்கிற நீங்க?"

அவன் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. ஞாயிறு பின்னேரம் நாலு மணியானால் இன்றைக்கும் கை ஒரு மாதிரி இருக்கிறது, தட்ட ஒன்றும் இல்லாமல்.

முப்பது வருடம் கைவேலை செய்து நான் படித்ததில் ஒன்றை எழுதுகிறேன். காற்று இறங்கின டயர் வந்தால் ஆணி எங்கே என்று தேடிப் பார்ப்போம், டயரைத் தூக்கி எறிய மாட்டோம். அன்றைக்கு நான் ஆணியைத் தேடவில்லை. உன் சந்தோசத்தைத் தூக்கி எறிந்தேன். ஆணி என்னிடம்தான் இருந்தது. அந்த மனிதனும் ஒன்றும் அறியாதவன். அவனுடைய சனமும் ஒளித்துப் பெயர் வைத்துத்தான் தப்பியிருக்கிறது. அவர்கள் அதைப் பகிடியாக மாற்றி வைத்திருந்தார்கள், நான் மாற்றவில்லை.

மது, உனக்கும் இப்போது பதினெட்டு. வகுப்பில் சேர். பழைய பெயரைக் கேட்டால் சொல்லு, புதிதாக வைத்தாலும் வாங்கிக்கொள். பிறகு போன் எடுத்து எனக்குச் சொல்லு. இந்த முறை லைன் சரியாக இருக்கும்.

இதைத் தபாலில் போடுவதற்கு முன், நேற்றுப் பின்னேரம் காரை அந்தப் பார்க்குக்கு முன்னால் நிறுத்தினேன். புல்லில் ஒருவரும் இல்லை. கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு, "ரவியண்ணா" என்று ஒருக்கால் கூப்பிட்டேன். பிறகு அந்த நோட்டீஸில் இருந்த பெயரைச் சொல்லியும் கூப்பிட்டேன்.