எரிகோவா, ஷட்டில்ஸா?

போன மாதம் ஆரணியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேர், பிரியாணியை ஆறவிட்டுவிட்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருவர் களம்பூரில் ரைஸ் மில் வைத்திருக்கிறார். இன்னொருவர் ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரி.

சண்டை நெல்லுக்கா, பட்டுக்கா? இரண்டுக்கும் இல்லை. ராக் மியூசிக்குக்கு.

ரைஸ் மில்காரர் எட்வின் – என் சொந்த அண்ணன். பட்டுக்காரர் தாமோதரன் – ஒரு காலத்தில் அண்ணனுக்கு ஜென்மப் பகையாளி.

எண்பதுகளில் இந்த ஊரில் இரண்டு ராக் பேண்ட் இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. எங்கள் சர்ச் வாலிபர்கள் சேர்ந்து ஆரம்பித்தது 'எரிகோ'. பைபிளில் எக்காளச் சத்தத்தில் மதில் இடிந்து விழுமே, அந்த ஊரின் பெயர். எங்கள் வாசிப்பில் எந்த மதிலும் விழவில்லை. சர்ச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது மட்டும் உண்மை.

நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஆரம்பித்தது 'ஷட்டில்ஸ்'. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற நாடாவுக்கு இங்கிலீஷ் பெயர். அவர்களுடைய டிரம்மர் பிறந்ததிலிருந்து தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர். அந்தத் தாளத்தை அப்படியே டிரம்மில் கொண்டுவருவார். அதன் மேல் தாமோதரனின் கிடார் பறக்கும். வேகம் என்றால் ஷட்டில்ஸ்தான். என் கட்சி எரிகோவாக இருந்தாலும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

எரிகோவின் பலம் வேறு. கனம்! பாட்டு கேட்டால் நெஞ்செலும்பு அதிரும்.

அந்தக் கனத்தைப் பற்றித்தான் பந்தியில் பேச்சு. எரிகோ மேடையில் நாலு பேர் நிற்பார்கள் – பாட எட்வின், இரண்டு கிடார், ஒரு டிரம். அப்படியிருக்க, அடியில் உறுமுகிற பேஸ் சத்தம் எங்கிருந்து வந்தது என்பது தாமோதரனின் கேள்வி. ஸ்க்ரீனுக்குப் பின்னால் வேலூர்க்காரன் எவனையோ பேஸ் கிடாரோடு உட்காரவைத்து ஏமாற்றிவிட்டீர்கள், அதனால் ஷட்டில்ஸ்தான் ஒசத்தி என்றார்.

நான் இலையிலிருந்து நிமிர்ந்தேன். "அது நான்தாங்க" என்றேன்.

தாமோதரன் சிரித்துவிட்டார். "நீ ஆர்கன்தானே வாசிச்சிகினு இருந்தே? எனக்குத் தெரியாதா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் எலும்பைக் கடித்துக்கொண்டே அவரோடு சேர்ந்து சிரித்தான்.

நான் பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு இலையை மூடினேன்.

விஷயம் இதுதான். சர்ச்சில் ஒரு பழைய எலெக்ட்ரிக் ஆர்கன் இருந்தது. பேஸ் கிடார் வாங்க எங்களுக்கு வழியில்லை. ஆர்கனின் கீழ்க்கட்டைகளை இடது கையால் வாசித்து, பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் கொடுத்தால் அந்த உறுமல் வரும் என்று கண்டுபிடித்தது நான். வலது கை சும்மா ஒப்புக்கு மேலே ஏதாவது வாசிக்கும். பெண்பிள்ளை மேடை நடுவில் நிற்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால், ஆர்கனை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். நோட்டீஸில் நாலு பெயர்தான் இருக்கும். அப்போது நானும் அதைக் கேட்டதில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் கேட்கும்... அதுவே போதும் என்றிருந்தேன்.

பந்திச் சண்டை பந்தியோடு முடியவில்லை. தாமோதரன் புதிதாகப் பவர்லூம் ஷெட் கட்டியிருந்தார். தறிகள் வந்து இறங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலி ஷெட்டிலேயே இரண்டு பேண்டும் வாசிப்பது, வந்திருப்பவர்கள் கை தூக்கித் தீர்ப்புச் சொல்வது என்று முடிவானது.

மறுநாள் அண்ணன் போன் செய்தான். எங்கள் கிடார்காரர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் தெள்ளாரிலிருந்தும் டிரம்மர் தேசூரிலிருந்தும் வருகிறார்கள். பேஸுக்கு வேலூரிலிருந்து ஒரு ஆளைப் பேசியிருப்பதாகச் சொன்னான். பேஸ் சத்தம் இல்லாமல் எரிகோ இல்லை, மானம் போய்விடும் என்றான்.

இவன் மறைக்கவில்லை. மறந்தே போயிருக்கிறான்! பக்கத்தில் நின்று பாடியவனுக்கே ஞாபகம் இல்லை என்றால், எதிரியைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

"அண்ணே, வேலூர் ஆளை வேணாம்னு சொல்லிடு" என்றேன். "நான் வாசிக்கிறேன். இல்லன்னா எரிகோ வாசிக்க வேணாம்."

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அந்தக் குரல் எப்போது வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் சரி என்று வைத்துவிட்டான்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்த அடிச் சத்தத்தை வாசித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சர்ச் கீபோர்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். முதல் நாள் இடது கை சுண்டுவிரல் மடங்கவே மாட்டேன் என்றது. வெந்நீரில் கையை ஊறவைப்பேன், வாசிப்பேன், மறுபடி ஊறவைப்பேன். என் வீட்டுக்காரர் மூன்று நாள் வேடிக்கை பார்த்தார். நாலாம் நாள், சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் என் தியாகம் புரியும்.

பத்தாம் நாள் விரல் மடங்கியது. பழைய உறுமல் ஜன்னல் கண்ணாடியில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. புது சிமெண்ட் வாசனை போகாத ஷெட். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள், சர்ச் ஜனங்கள், நெசவாளர்கள் எல்லாம் பிளாஸ்டிக் சேரில். முதலில் ஷட்டில்ஸ்.

என்னத்தைச் சொல்ல... அந்த மனிதர்கள் கிழவர்களாகவே இல்லை. டிரம் ஆரம்பித்ததும் தறி இறங்காத ஷெட்டில் நூறு தறி ஓடுவது போலிருந்தது. தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்த கிடாருக்கு நானே எழுந்து கைதட்டினேன். அண்ணன் முறைத்தான். நல்லதை நல்லதென்று சொல்வதில் என்ன துரோகம்?

அடுத்து நாங்கள். கீபோர்டை ஓரமாகப் போட்டிருந்தார்கள். நானே இழுத்து வந்து மேடை நடுவில் போட்டேன். இந்தத் தடவை தடுக்க யாரும் இல்லை.

பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் டிரம்மரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இடது கையால் மட்டும் வாசித்தேன். எங்கள் சொந்தப் பாட்டின் அடிச் சத்தம், எட்டு சுற்று.

தகரக் கூரை அதிர்ந்தது. ஒன்பதாவது சுற்றில் டிரம் சேர்ந்தது, கிடார் சேர்ந்தது, அண்ணன் வாய் திறந்தான். குரல் கொஞ்சம் கரகரத்தது. பரவாயில்லை, கீழே பிடித்துக்கொள்ள நான் இருந்தேனே! வலது கையைப் பாட்டு முடிகிற வரை நான் முன்னால் கொண்டுவரவே இல்லை.

பாதிப் பாட்டில் தாமோதரன் சேரை விட்டு எழுந்து வந்தார். கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. அண்ணன் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"இந்தச் சத்தத்துக்காக நான் மெட்ராஸ் போயி பேஸ் கிடார் வாங்கினு வந்தவன்" என்றார். "எவ்ளோ வாசிச்சும் இது வரல. சர்ச் காம்பவுண்டு பின்னாடி நின்னு அந்த ஆளு யாருன்னு தேடிகினு இருந்தோம். இந்த அம்மா அப்போ எங்களைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகும்... கிடார்ல இன்னிக்கும் நாங்கதான். ஆனா ஜெயிச்சது எரிகோ."

சொல்லிவிட்டு அவரே முதல் கையைத் தூக்கினார். பின்னால் எத்தனை கை தூக்கினார்கள் என்று நான் எண்ணவில்லை. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

அண்ணன் மைக்கைத் திரும்ப வாங்கி, எரிகோவில் இருந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னான். இறந்துபோனவர் பெயரையும் சேர்த்து நாலு பெயர். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"அஞ்சாவது, எங்க பேஸ். என் தங்கச்சி. மறந்துட்டேன்மா."

அது போதாதா?

மேடையில் முன்னால் நிற்பவர்களை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். பின்னாலிருப்பவர்கள் தாங்களாகச் சொன்னால்தான் உண்டு. சொல்வதற்கு நான் இத்தனை வருஷம் காத்திருந்தது என் தப்பு. இதைப் படிக்கிற நீங்கள் காத்திருக்காதீர்கள், தாய்மாரே.

இப்போது கடைத்தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் நிறுத்தி, நியாயமாகச் சொல்லுங்க டீச்சர், எந்த பேண்ட் நல்ல பேண்ட் என்று கேட்கிறார்கள். நியாயமாகவே சொல்கிறேன் – நான் வாசித்த பேண்ட்!