நாற்பத்தொரு கடிதங்களில் ஒரே சொல்

எங்கள் தெருவில் யார் இங்கிலீஷ் பேசினாலும் அது நான் போட்ட பிச்சை. சரி, தெரு என்பது கொஞ்சம் அதிகம், ஒரு வீடு. அந்த வீட்டிலும் ஒருத்திக்குத்தான், அதுவும் ஒரே ஒரு சொல்.

அவளைக் கமா என்போம். கல்லூரி வாசலுக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு விண்ணப்பக் கடிதம் டைப் தட்டித் தருகிறவள். தனக்கு மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் கமா போடுவாள். பதினெட்டு வயதில் அவளுக்கும் அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா படுத்த படுக்கையானதால் போகவில்லை. வந்த கடிதத்தை மட்டும் என்னிடம் கொண்டுவந்து, "பெரியம்மா, மெட்ரிகுலேட்னா என்ன?" என்றாள்.

முப்பது வருஷம் கரும்பலகை முன்னால் கத்தியவளுக்கு விளக்கம் சொல்லக் கசக்குமா? "காலேஜ்ல முறையா பேரு பதிஞ்சு சேர்றது. சேர்றதுங்கிற வார்த்தைக்குக் கோட்டு மாட்டிவிட்ட மாதிரி" என்றேன்.

அன்று பிடித்த சொல்லை அவள் விடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக, யார் கடிதம் கேட்டாலும் முதல் வரியில் 'மெட்ரிகுலேட் ஆக மனமார விழைகிறேன்' என்று இங்கிலீஷில் தட்டினாள். "சேரணும்னு எழுதினா புரட்டிட்டுப் போயிடுவாங்க பெரியம்மா. இதைப் பாத்தா ஒரு நிமிஷம் நிப்பாங்க."

இந்த வருஷம் நின்றேதான் போனார்கள்.

கமாவின் மகள் இரண்டு வருஷம் மருந்துக்கடையில் பெட்டி அடுக்கிவிட்டு விண்ணப்பித்திருந்தாள். வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. கடிதத்தை அம்மா தொடக்கூடாது என்று தன் கையாலேயே எழுதினாள். கடைசி நாள் மத்தியானம் ஒட்டிய பட்டியலில் அவள் எண் இல்லை. கமா மகளை இழுத்துக்கொண்டு கல்லூரிக்குள் ஓடினாள். துணைக்கு நானும் போனேன்.

சேர்க்கை அதிகாரி புதியவர். மேசைமேல் நூல் கட்டிய ஒரு கட்டு.

"சொந்த வார்த்தையில எழுதணும்னு விதி போட்டிருக்கோம். நாப்பத்தொரு கடிதத்துல முதல் வரி ஒண்ணே. எல்லாத்தையும் ஒதுக்கிட்டோம்" என்றார்.

"எம் பொண்ணோடது கையெழுத்துங்க ஐயா. அவளே எழுதினது."

"காப்பியைக் கையாலயும் அடிக்கலாமேம்மா. மீதி நாப்பதையும் தட்டினது யாருன்னு தெரிஞ்சா, இதைத் தனியாப் பாக்கலாம்."

நடைவழியில் அந்தப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் பெற்றவர்களோடு நின்றார்கள். வாயைத் திறந்தால் சொந்தமாக எழுதவில்லை என்பது உறுதியாகி அத்தனை பேரும் போச்சு. திறக்காவிட்டால் மகள் போச்சு. கமா என் முழங்கையைப் பிடித்தாள். வளையல் சதைக்குள் இறங்கியது.

"நாந்தாங்க தட்டினேன்" என்றாள். "பிள்ளைங்க மேல தப்பில்ல. அவங்களுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம்கூடத் தெரியாது. இவ தொட்டில்ல இருந்தே அதைக் கேட்டு வளந்தவ, அதான் தானா எழுதிட்டா."

"அப்ப நாப்பத்தொண்ணும் உங்க வீட்டுச் சரக்குதான்."

நடைவழியில் ஒரு தகப்பன், "நல்லா இருப்பம்மா நீ. எங்க பிள்ளை தலையில கல்லைப் போட்டுட்டியே" என்றார். கமா திரும்பவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "உக்காத்தி வச்சு எழுதச் சொல்லுங்க ஐயா. எல்லாரையும். நான் வெளியில நிக்கிறேன்" என்று அதையே நாலு தடவை சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால்.

"நாலு மணிக்குள்ள யார் வந்தாலும் வெள்ளைத்தாள் தரேன். நாலு மணிக்கு விண்ணப்பம் வாங்குற ஜன்னல் மூடிடும்."

கமா தன் நோட்டில் இருந்த எண்களுக்கெல்லாம் போன் போட்டாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் இரண்டு பேர் திட்டிவிட்டுப் போனை வைத்தார்கள். உள்ளே பிள்ளைகள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். மகள் மட்டும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்றே முக்காலுக்கு ஜன்னல் வழியாகத் தாயைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு வேற மாதிரி சொல்ல வரல."

"என்ன வேணா எழுதுடி. அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். உன் கால்ல வேணா விழறேன்."

குனிந்து எழுதினாள். தாளை நீட்டியபோது அவர் உரக்கவே படித்தார்: 'மெட்ரிகுலேட் என்ற சொல்லை என் அம்மா மற்றவர்களுக்காக இருபத்திரண்டு வருஷம் தட்டினார். தனக்காக ஒரு தடவையும் தட்டியதில்லை. எங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் அதைச் செய்துவிட வேண்டும்.'

படித்த அதிகாரிக்குக் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, "உனக்கில்லாத இடம் யாருக்கும்மா" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்த கமாவின் மகள் என் பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"அவர் அழவும் இல்ல, எழுந்திரிக்கவும் இல்ல பாட்டி. 'அந்தத் தட்டுல வை'ன்னார், அவ்வளவுதான். காத்திருப்புப் பட்டியல்ல பதினேழாவது பேரு என்னோடது. நேத்து வரைக்கும் நாலு பேர்தான் விலகியிருக்காங்க. அம்மா இன்னிக்கும் அங்கதான் போய் நிக்கிறாங்க. அதை எழுதுங்க."