மூலைக் குழிகள் இரண்டும் சரியாக இருந்தன

கிபுயே சந்தையில் மீன் விற்கிற யாரோ சொன்னதாம். எச்.ஐ.வி. சோதனைக்காகக் கைக்குழந்தைகளின் ரத்தத்தைச் சொட்டி உலர்த்திய அட்டைகளை எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் ஒச்சோலா, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"நியார் அஹேரோ, அஹேரோ மகளே, உன் மெஷின் ஆள் பாத்துதான் முடிவு சொல்லுதாமே? ஒருநாள்கூட மாத்திரை விடாதவ, அவ புள்ளைக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு வந்துடுச்சாம்."

"ஆமா, மீன் குடுத்தவங்களுக்கு மட்டும் நோய் இல்லைன்னு சொல்லும்," என்றாள் அவுவோர். ஒச்சோலா போனதும் முடிவுகளைச் சரிபார்க்கக் கணினியைத் திறந்தாள்.

அஹேரோ வயல்காட்டிலிருந்து கிசுமு நகரத்துக்கு வந்தவள் மிலிசென்ட் அவுவோர். பதினோரு வருடம் சொட்டு அளந்து ஊற்றும் பிப்பெட்டை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மூட்டு வீங்கியிருந்தது. அந்த வேலையைச் செய்யும் ரோபோ வந்தபோது மற்றவர்கள் ஒதுங்கினார்கள். எந்தக் குழாயிலிருந்து எந்தக் குழிக்கு எவ்வளவு என்று திரையில் கட்டங்களை இழுத்துவைக்கும் மென்பொருளை இவள் இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டாள். கற்றுக்கொடுக்கப் போன எனக்கு வேலையே இல்லை.

போன மாதம் அவளே வரைந்த புது நிரலில் ஓடியது ஒரே ஒரு தட்டு. தொண்ணூற்றாறு குழிகள். கையால் நிரப்பிய காலத்தில் நோட்டில் எழுதுகிற மாதிரி இடமிருந்து வலமாகப் போவாள். பெயர்ப் பட்டியலையும் அப்படியே ஏற்றியிருந்தாள். ரோபோவுக்கு எட்டு மூக்கு. அது எட்டெட்டுக் குழியாக மேலிருந்து கீழாக நிரப்பியது. விடை தெரிந்த சோதனை மாதிரிகள் முதல் குழியிலும் கடைசிக் குழியிலும் இருந்தன. எந்தப் பக்கமாக எண்ணினாலும் அந்த இரண்டும் இடம் மாறாது. அதனால் மற்றக் குழிகளில் பெயரும் ரத்தமும் மாறிப்போயும் எல்லாம் சரி என்றே காட்டியது.

"மென்பொருள்ல கோளாறுன்னு எழுதிடலாம்மா," என்றார் தலைமை அதிகாரி ஒமோலோ.

"அது எந்தத் திசைன்னு கேட்டுச்சு சார். நான்தான் படிக்காம தள்ளிட்டேன்."

மிச்சமிருந்த அட்டைகளை மறுபடி சோதித்தோம். நோயுள்ள இரண்டு குழந்தைகளின் முடிவு வேறு இரண்டு குழந்தைகளுக்குப் போயிருந்தது. அந்த நான்கு தாய்மார்களில் மூன்று பேரை அவுவோர் தேடிப் பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டாள். ஒருத்தி அவளை அறைந்தாள், வாங்கிக்கொண்டாள்.

நான்காமவள் பெரெஸ் அடோங்கோ. உண்மையில் நோயிருந்த இருவரில் ஒன்று அவள் குழந்தை, நான்கு மாதம். நோய் இல்லை என்ற தாளை வாங்கிக்கொண்டு, கருவாடு வாங்க ம்ஃபங்கானோ தீவுக்குப் போனவள் திரும்பவில்லை. இந்த வயதில் மருந்து தொடங்காமல் போகும் ஒவ்வொரு வாரமும் உயிருக்கு ஆபத்து.

"தீவு மருத்துவமனையில தேடச் சொன்னீங்களா?" என்று ஒமோலோவிடம் கேட்டாள் அவுவோர்.

"சொன்னேன். அந்தப் பேர்ல ஏழு பேர் இருக்காங்களாம்."

ஆறு நாளாக அணைந்திருந்த பெரெஸின் கைபேசி இன்று மதியம் முதல்முறையாக ஒலித்தது. அவுவோர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அடிக்குது," என்றாள்.

ஒமோலோ மின்விசிறியை நிறுத்தினார். முழுதாக அடித்து ஓய்ந்தது. வீங்கிய விரலால் திரும்ப அழுத்தினாள். "எடு பெரெஸ். எடும்மா."

அடித்துக்கொண்டிருக்கிறது.